மேட்டு வீடு தேடிய அக்கா

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த அக்கா முதலில் குனிவார். வீட்டுக்காரர்கள் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண் சுவரின் அடிப்பக்கம் போயிருக்கும். சுண்ணாம்பு எவ்வளவு உயரத்துக்கு ஊதியிருக்கிறது, உப்புப் பூத்த கோடு எங்கே நிற்கிறது, கதவின் அடிக்கட்டை அழுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து சிரிப்பார். தெரியாதவர்கள், யாரோ பக்தி முற்றிய பெண் வாசலைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது அவரையும் கூட அழைத்துப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர், எங்களைப் போலவே தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்த குடும்பம், விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. மாப்பிள்ளை வீட்டில் சாயா வந்தது, பழம்பொரி வந்தது. பெரியவர்கள் தொண்டையைச் செருமி விஷயத்துக்கு வரப்போகிற நேரத்தில் அக்கா சோபாவின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டார்: "விருச்சிகத்துல இங்க முட்டு வரைக்கும் வெள்ளம் கேறும், அல்லே சேச்சி?"

பெண் கொடுக்கப் போன இடத்தில், கார்த்திகையில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் ஏறுமா என்று விசாரணை! எனக்குக் காது சூடாகிவிட்டது. சம்பந்தம் இத்தோடு சரி என்று முடிவுகட்டினேன். ஆனால் அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பின்னே! போன வருஷம் அரிசி மூட்டையே போச்சு" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஆண்கள் யாருக்கும் பேச இடம் கிடைக்கவில்லை. எழுந்து வரும்போது அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: பிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் உயரமாகக் கால் வைக்க வேண்டும், அப்போதுதான் பெண் வருவாள். வைத்தார்கள். என் தங்கை இன்றைக்கும் ஏணியில் ஏறுகிற மாதிரிதான் கட்டிலில் ஏறிப் படுக்கிறாள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் ஏறினால் காயல் ஏறும், காயல் ஏறினால் தோடு என்கிற கால்வாய் ஏறும், தோடு ஏறினால் எங்கள் அடுக்களை. மழை ஒரு சொட்டு இருக்காது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் கார்த்திகை மாதத்து விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினால் கணுக்கால் நனையும். மலையாளத்தில் வேலியேற்றம் என்பார்கள்; குடிக்கிற தண்ணீரும் அங்கே வெள்ளம்தான், வீட்டுக்குள் ஏறுகிற தண்ணீரும் வெள்ளம்தான். பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போய்விடும். சேறும் சாக்கடையும் உப்பும் மட்டும் நம்மோடு இருக்கும்.

அந்த விடியற்காலைகளில் எங்களை எழுப்புவது அக்காவின் குரல்தான். "எடு எடு, மேல எடு! நோக்கிட்டு நிக்காத!" என்று கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவார். தன் வீட்டுச் சாமான்களை முந்தின நாளே ஏற்றி வைத்திருப்பார் என்பதால் கை காலியாக இருக்கும். எங்கள் மிக்ஸியை, எதிர்வீட்டுக்காரரின் தையல் மெஷினை, யாருடைய பேரக்குழந்தையோ தெரியாத ஒரு குழந்தையை, எல்லாவற்றையும் தூக்கி ஏதாவது ஒரு மேட்டில் வைப்பார். நான் ஒரு குறுமிளகு குடோனில் கணக்கு எழுதுகிறவன், காலையில் தூக்கம் கெட்டால் எனக்கு உலகத்தின் மீதே கோபம் வரும். ஆனாலும் அவரிடம் கோபித்துக்கொள்ள முடிந்ததில்லை. எனக்கு அந்த அக்காவை அவ்வளவு பிடிக்கும்.

வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் அவர் அட்டெண்டர். அங்கேயும் இதே கதைதான். பழைய பைல்களையெல்லாம் கூரையைத் தொடும் உயரத்தில் ஏற்றிவைத்துவிடுவார். ஆபீசர் ஒரு காகிதம் கேட்டால் ஏணி கொண்டுவர வேண்டும். ஓய்வு பெறுகிற நாளில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்களாம். ஸ்டீல் ஷெல்ஃப் ஒன்று, உயரமானதாக, என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இதெல்லாம் ஏதோ கிறுக்கு என்று நினைத்துவிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் காரணம் அண்ணனின் கால்.

அண்ணன் என்றால் அக்காவின் கணவர். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. வாழ்நாள் முழுக்க ஈரத்தில் நின்றவர். வலது காலில் மந்து, அதாவது யானைக்கால். கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்டது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கால் சாதுவாக இருக்கும். அழுக்குத் தண்ணீரில் நனைந்து எங்காவது ஒரு கீறல் பட்டுவிட்டால் போதும், தொடையிடுக்கில் நெறி கட்டிவிடும், குளிர் காய்ச்சல் வந்து கட்டில் ஆடும். ஒவ்வொரு காய்ச்சலும் போகும்போது காலை இன்னும் கொஞ்சம் பருக்க வைத்துவிட்டுத்தான் போகும். ஒவ்வொரு கார்த்திகையிலும் இது நடந்தது. அக்கா சுவரின் அடியில் தேடிய கோடு அதுதான்.

கடைசியாக வந்த காய்ச்சலின்போது டாக்டர், "இந்தக் காலை வச்சுக்கிட்டு இந்தத் தெருவில் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். வேறு தெருவுக்குப் போகச் சொன்னார். அக்காவோ மலைக்கே போவது என்று தீர்மானித்தார்.

"கொச்சியிலேயே கலூர்ல ஒரு மாடி வீடு பாத்தா போதாதா? மலையில போயி குளிர்ல விறைக்கணுமா?" என்று கேட்டேன்.

"கலூர்ல வெள்ளம் கேறாதுன்னு நீ எழுதித் தருவியா?"

"அது எப்படித் தர முடியும்?"

"மலை தரும். குளிருதுன்னா அது மேடு, தம்பி. எவ்வளவு குளிருதோ அவ்வளவு மேடு."

குளிர் பிடித்துப்போய் அவர் மலையைத் தேடவில்லை. குளிர் அவருக்கு உயரத்தின் சாட்சி, அவ்வளவுதான். அண்ணனோ சிரித்துக்கொண்டே, "எனக்கு ஐஸ் புதுசா? அதுகூடத்தானே இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன்" என்றார்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதுவே என் வினை. லீவு கிடைத்த போதெல்லாம் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆலுவா வழியாக மலையேறினேன். அடிமாலிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தோம். ஏலக்காய்த் தோட்டம், பலாமரம், நல்ல கிணறு. எனக்கே அங்கே தங்கிவிடலாம் போலிருந்தது. அக்கா முற்றத்தில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வேர்க்குது. வேர்க்கிற எடத்துக்கு எப்பவாவது வெள்ளம் வரும். வண்டிய எடு." மூணாறுக்கு இந்தப்பக்கம் ஒரு வீட்டில் காற்று குளிர்ந்துதான் வீசியது. ஆனால் ஜன்னலைத் திறந்ததும், எதிரே மலைச்சரிவில் இன்னும் உயரத்தில் வேறு ஒரு வீடு தெரிந்தது. அவ்வளவுதான், அந்த வீடும் போயிற்று. அண்ணன் பின்சீட்டில் காலை நீட்டித் தலையணை மேல் வைத்துக்கொண்டு, எந்த வீட்டைக் கேட்டாலும் "கொழப்பமில்ல, நல்ல வீடு" என்பார். அவர் கருத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்படித்தான் வட்டவடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கேரளத்தின் ஒரு மூலையில் தமிழ் பேசுகிற மலைக்கிராமம். படிப்படியாக வெட்டிய வயல்களில் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு. மத்தியானத்திலேயே பல் கிட்டியது. எங்களுக்கு வீடு காட்ட வந்தவர் பூண்டு விவசாயம் பார்க்கும் ஓர் இளைஞர், இடையிடையே நிலத் தரகும் செய்வார். நாங்கள் பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க மலையாளத்துக்காரங்களா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்றார். கொச்சியில் எங்களைத் தமிழன் என்பார்கள், இங்கே வந்தால் மலையாளி. அண்ணனுக்கு அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு.

முதல் வீட்டு வாசலில் அக்கா குனிந்ததும் அவர் பதறிப்போனார். "என்னம்மா, எதையாச்சும் கீழ போட்டுட்டீங்களா?"

"இங்க வெள்ளம் எதுவரைக்கும் கேறும்?"

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கியதும் வாயைப் பிளந்தார். "வீட்டுக்குள்ள தண்ணி தானா வருமா? எங்க ஊர்ல நாமதான்மா தண்ணியத் தேடிப் போய்க் கூட்டிட்டு வரணும்."

அந்த வார்த்தையை அக்கா வரம் கிடைத்த மாதிரி கேட்டுக்கொண்டார். ஓடைக்கரையில் ஒரு வீடு, பாதையோரம் ஒரு வீடு என்று அந்தத் தரகுத் தம்பி காட்டிய எதையும் அவர் உள்ளே போய்ப் பார்க்கக்கூட இல்லை. "மேல? இன்னும் மேல?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஊர் முடிகிற இடத்தில், கல்படிகள் ஏறிப் போய், அதற்கு மேல் வீடே இல்லாத ஒரு வீடு இருந்தது. சுவரின் அடி எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பின்பக்கம் பாறையிடுக்கில் ஊற்று ஒன்று கசிய, அதிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் ஒன்று தொட்டிக்கு வந்தது. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார். "முடியுதா?" என்று கேட்டேன். "ஐஸ் பெட்டி தூக்கினவன், என்னையே தூக்கிக்க மாட்டேனா?" என்றார். மூச்சு வாங்கியது. அக்கா வாசலில் நின்று கீழே மொத்த ஊரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசியில் குடிபோனார்கள். அந்தக் கார்த்திகையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது கதவைத் தட்ட ஆளில்லை. என் வீட்டில் மிக்ஸி நனைந்தது. போன் செய்து புலம்பினேன். அக்கா வருத்தப்பட்ட மாதிரிதான் பேசினார். ஆனால் குரலில் இருந்த சந்தோஷம் போனிலும் கேட்டது. "இங்க பொடி பறக்குது தம்பி. அண்ணன் காலு நல்லா உணங்கிக் காஞ்சு இருக்கு."

பொடி பறந்ததன் அர்த்தம் தை பிறந்ததும் புரிந்தது. பாறை ஊற்று நின்றுவிட்டது. அந்த ஊரில் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஓடையிலிருந்து ஓஸில் வருகிறது. மேலே ஓரிடத்தில் குழாயின் வாயை முக்கிவைத்தால் தானாக இறங்கி வரும். அந்த வாய் இருக்கிற உயரத்துக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குத்தான் அந்த யோகம். அக்காவின் வீடு அதற்கும் மேலே. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம் இது. ஆனால் தண்ணீர் வந்துவிடுமோ என்று மட்டுமே வாழ்க்கை முழுக்கப் பயந்த எங்களில் ஒருவருக்கும், அது வராமலும் போகலாம் என்று தோன்றவே இல்லை. மட்டாஞ்சேரிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்த வீட்டை வாங்கியிருக்க மாட்டார்கள்.

அக்கா குடம் எடுத்தார். அறுபது வயதில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அந்தக் கல்படிகளில் ஏறினார். முதல் குடம் அண்ணனின் காலைக் கழுவ, அடுத்தது உலைக்கு, மிச்சம் இருந்தால் தனக்கு. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. தரகுத் தம்பிதான் போனில் சொன்னார். "அம்மா பாவம் சார். கேட்டா, நான் தூக்கிப் பழகினவன்னு சொல்றாங்க."

அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஒரு நாள் விடியுமுன், அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாதிப் படியில் கால் வழுக்கி, கல் கிழித்துவிட்டது. சாயங்காலமே நெறி கட்டியது. எங்கள் தெருவின் சேற்றுத் தண்ணீர் கொடுத்ததையெல்லாம்விட மோசமான காய்ச்சல். "தம்பி, வண்டி எடுத்துட்டு வா" என்று மட்டும் அக்கா போனில் சொன்னார். அந்தக் குரலில் அவர் அதுவரை பேசியதில்லை.

நானும் இன்னும் சில ஆட்களும் அண்ணனை நாற்காலியில் வைத்து இறக்கினோம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தார். அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பருத்துப் பளபளத்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுபோனேன். வெள்ளம் இல்லாத எடத்துல கொண்டு வச்சேன். நானே இவரைக் கொல்லப் பாத்தேன், தம்பி" என்று அழுதார். நான் அவரைத் தேற்ற எதையோ உளறினேன்.

தரகுத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழமும், கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தார். அவர்களுடைய குடும்ப வீடு ஓடைக்கரையில் சும்மா கிடக்கிறது. மேட்டு வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு அதை இவர்கள் எடுத்துக்கொள்ளலாம். "மேல நின்னா மேகம் காலுக்குக் கீழ போகும்மா. டூரிஸ்டுக்கு அது போதும். நான் மோட்டார் வச்சுத் தண்ணி ஏத்திக்குவேன். உங்களுக்குக் கீழ படியே கிடையாது."

"ஓடை எவ்வளவு தூரம்?" என்று அக்கா கேட்டார்.

"பின்வாசலத் திறந்தா ஓடைதான்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்."

"எங்க தாத்தா காலத்துலருந்து வாசப்படி நனைஞ்சதில்லம்மா. கரை உயரம்."

"வேண்டாம்னா வேண்டாம். இத்தனை வருஷம் ஓடி வந்தது, கடைசில அதும் பக்கத்துல போயிப் படுக்கவா?"

அந்தத் தம்பி என்னைப் பார்த்தார். மட்டாஞ்சேரிக்கே திரும்பிவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் பேசினார். வீட்டு விஷயத்தில் அவர் கருத்துச் சொன்னது அன்றுதான்.

"எனக்கு மேடும் வேண்டாம், குழியும் வேண்டாம். கல்யாணம் ஆன நாள்லருந்து நீ எதையாவது தூக்கிக்கிட்டே இருக்க. நீ எதையும் தூக்காத ஒரு வீடு பாரு. அது கடலுக்குள்ள இருந்தாலும் நான் வரேன்."

அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றார். திரும்பி வந்து அந்தத் தம்பியிடம், "சாவியக் கொண்டா" என்றார்.

ஓடை வீட்டுச் சுவரில் கோடு எதுவும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. பகலும் ராவும் நிற்காத தண்ணீர்ச் சத்தம். அண்ணனுக்கு அது தாலாட்டாக இருந்தது. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. ஆடி மழையில் ஓடை பெருகியபோது கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தே விடிய வைத்தாராம். கரைக்குக் கீழேயே பெருகி, கீழேயே வடிந்தது. பின்வாசலை அவர் திறக்கவே இல்லை. குழாய்த் தண்ணீர் அடுக்களை வரை தானாக வந்தது. அதில்தான் அண்ணனின் காலைக் கழுவினார். கால் மெல்ல மெல்ல அடங்கியது. ஓடையின் பக்கம் மட்டும் அவரை விடவில்லை.

அடுத்த கார்த்திகையில் நான் போனேன். எங்கள் தெரு மூழ்கிக்கிடக்கிற நாட்கள் அவை. வேறொருவருடைய வீட்டில் போய்க் கொஞ்சம் காய்ந்து வரலாம் என்று போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் வெயில் வந்துவிட்டிருந்தது. அண்ணனின் கட்டில் காலி. பின்வாசல் திறந்து கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டி, அந்தக் காலை ஓடைக்குள் விட்டுக்கொண்டிருந்தார் அண்ணன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வொரு விரலும் தெரிந்தது.

"அண்ணே, என்ன இது? அக்கா பாத்தா..."

"தூங்குறா, தம்பி. எழுப்பிராத. வெளிச்சம் வந்த பெறகும் அவ தூங்கி நான் இப்பத்தான் பாக்குறேன்."

எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா வந்துவிட்டிருந்தார். கலைந்த தலை, தோளில் கம்பளி. வாசலில் நின்றபடி அண்ணனின் காலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அண்ணன் குற்றவாளி மாதிரி காலை வெளியே எடுக்கப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

மெதுவாகக் கரையில் இறங்கி வந்தார். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, கொஞ்சம் ஆச்சரியத்தோடு சொன்னார்: "இது போய்க்கிட்டே இருக்கு, தம்பி. திரும்பி வரவே இல்ல."

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பாறையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு காலை விட்டார். குளிரில் "அம்மே!" என்று கத்தி வெளியே எடுத்தார். அண்ணன் சிரிக்க, மறுபடியும் விட்டார், இந்த முறை இரண்டு காலையும். அண்ணன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.